கோடைக்கால ஜாக்கெட்டில் குளிர் தாங்குமா? பழைய விமானிகளின் தோல் மேலாடையும் ‘கதகதப்பு’ என்ற நம்பிக்கையும்

இரண்டாம் உலகப் போர் பற்றிய ஹாலிவுட் படங்களில் அந்த ஜாக்கெட் எப்படியும் வந்துவிடும். பழுப்புத் தோல், சட்டைக் காலர், தோளில் பட்டி, இடுப்பிலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் கம்பளிப் பின்னல். 1963இல் வந்த ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் போட்டிருப்பதும் அதுதான். அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு 1931இல் ஏற்றுக்கொண்ட ‘ஏ-2’ ரகம். இன்று அதே ஜாக்கெட்டை, அதே அளவில், அதே வகைத் தோலில், ஜிப்பும் நூலும்கூட மாறாமல் புதிதாகத் தைத்து விற்கும் நிறுவனங்கள் ஜப்பானிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன. நல்ல நகல் ஒன்றின் விலை சுலபமாக ஆயிரம் டாலரைத் தாண்டும்.

இவ்வளவு கொடுத்து வாங்குகிற பலரின் மனதில் ஓடும் கணக்கு ஒன்றுதான்: ‘இருபத்தைந்தாயிரம் அடி உயரத்துல விமானிகளைக் காப்பாத்தின ஜாக்கெட்டு. தரையில அடிக்கிற குளிர் எம்மாத்திரம்?’ ஜனவரி மாதக் காலையில் பஸ் ஸ்டாப்பில் பத்து நிமிஷம் நின்றதும் அந்தக் கணக்கு உதைக்கிறது. முதுகு சில்லென்கிறது. கையை நுழைத்துக்கொள்ளப் பக்கவாட்டில் பை இல்லை. மேலே பிடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினால் இடுப்பில் காற்று அடிக்கிறது. ‘ஏமாந்துட்டோமோ?’

கடைக்காரர் ஏமாற்றவில்லை. சொல்லப்போனால், நகல் எவ்வளவு நேர்மையாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதில் குளிர் தெரியும். அது எப்படி?

பெயரிலேயே எழுதியிருக்கிறது

அன்றைய அமெரிக்க விமானப் பிரிவு தன் உடைகளுக்குப் பெயர் வைத்த முறை எளிமையானது. கோடைக்காலப் பறப்புக்கான ஜாக்கெட் என்றால் ‘ஏ’ வரிசை. குளிர்காலத்துக்கு என்றால் ‘பி’ வரிசை. 1927இல் வந்த பொத்தான் வைத்த ஜாக்கெட் ஏ-1. அதற்குப் பதிலாக வந்த, ஜிப் வைத்த தோல் ஜாக்கெட் ஏ-2. அதாவது, உலகமே பனிக்காலத்துக்கு என்று நினைத்து வாங்குகிற இந்த ஜாக்கெட், ராணுவத்தின் பட்டியலில் ‘கோடைக்கால’ உடை!

குளிருக்கென்று அவர்கள் செய்தது வேறு. 1934இல் வந்த பி-3, கம்பளி ரோமம் உள்பக்கம் இருக்குமாறு செம்மறி ஆட்டுத் தோலை அப்படியே தைத்தது. பார்க்கவே பூதம்போல் இருக்கும். அமெரிக்கக் கடற்படை விமானிகள் போட்ட ஜி-1 ஜாக்கெட்டின் லேபிளிலும் ‘இடைநிலை’ என்றுதான் அச்சிட்டிருந்தார்கள். ‘டாப் கன்’ படம் 1986இல் வந்த பிறகு உலகம் முழுக்கப் பிரபலமான, ரோமக் காலர் வைத்த ஜாக்கெட் அதுதான். கடுங்குளிருக்கு என்று அதை ராணுவமே சொல்லவில்லை.

பிறகு ஏன் ‘தோல் என்றால் கதகதப்பு’ என்ற எண்ணம் வந்தது? தோல் கனமாக இருக்கிறது, விலங்கின் மேல் இருந்தது, விலை அதிகம். இந்த மூன்றும் சேர்ந்து மனதில் ஒரு சூட்டை உண்டாக்கிவிடுகின்றன. இயற்பியலுக்கு இந்த மூன்றுமே பொருட்டில்லை.

சூட்டைக் காப்பது தோலா, காற்றா?

மனித உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே சுமார் நூறு வாட் பல்பு அளவுக்கு வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. உடை எதையும் சூடாக்குவதில்லை. வெளியேறும் சூட்டைத் தாமதப்படுத்துகிறது, அவ்வளவுதான். அந்தத் தாமதத்தை உண்டாக்குவதில் உடைக்குள் அசையாமல் சிக்கியிருக்கும் காற்றை மிஞ்ச ஆள் இல்லை. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துத் தட்டினால் உப்பும். அப்போது அதற்குள் புகுந்துகொள்வது காற்று. அதே மெத்தை பல வருஷம் படுத்துப் படுத்துத் தட்டையான பிறகு பஞ்சு அதேதான், கதகதப்பு மட்டும் போயிருக்கும்.

தோலுக்குள் அப்படிக் காற்று தங்க இடம் குறைவு. நார்கள் நெருக்கமாகப் பின்னிய பொருள் அது. அசையாத காற்றைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எவர்சில்வர் டம்ளர் அளவுக்கு மோசமில்லை என்றாலும், கம்பளியோடு ஒப்பிட்டால் ரொம்பப் பின்னால்தான் நிற்கும்.

இதை எண்ணில் சொல்ல ஓர் அளவு இருக்கிறது. பெயர் ‘க்ளோ’. உடையின் வெப்பக் காப்பை அளக்க 1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்வைத்தது. 21 டிகிரி செல்சியஸ் உள்ள, காற்று அதிகம் வீசாத அறையில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்குக் குளிராமலும் வியர்க்காமலும் இருக்க எவ்வளவு உடை வேண்டுமோ, அது 1 க்ளோ. மேற்கத்திய முறையில் சட்டை, பேன்ட், கோட் எல்லாம் போட்ட ஆள் ஏறக்குறைய அந்த அளவில் இருப்பார்.

இப்போது கணக்கு போடலாம். ஏ-2 நகலின் தோல் கனம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்தத் தோல் மட்டும் தருகிற காப்பு சுமார் 0.05 க்ளோ. ஒரு க்ளோவில் இருபதில் ஒரு பங்கு! உள்ளே இருப்பது ஒற்றை அடுக்கு லைனிங். முதலில் பட்டில் இருந்தது, பிறகு பருத்திக்கு மாறியது. அதிலும் காற்று தங்காது. ஜாக்கெட்டுக்கும் சட்டைக்கும் நடுவில் நிற்கும் மெல்லிய காற்றடுக்குதான் மிச்சம். காற்று வீசாத இடத்தில் ஏ-2 தரும் சூடு, சாதாரணத் துணிக் கோட்டின் சூட்டைவிடப் பெரிதாக இருக்க வழியே இல்லை.

பி-3 கதை வேறு. அசையாமல் நிறுத்தப்பட்ட காற்று ஒரு அங்குலக் கனத்துக்குச் சுமார் 4 க்ளோ தரும். ரோமம் அரை அங்குலம் நின்றாலே ஏறக்குறைய 2 க்ளோ. ஒரு மில்லிமீட்டர்த் தோலைப்போல் நாற்பது மடங்கு. அங்கேயும் வேலை செய்வது ரோமத்துக்குள் சிக்கிய காற்றுதான். தோல் அந்த ரோமத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் பலகை, அவ்வளவே.

கிரீஸ் படிந்த ஓவரால் சொன்ன ரகசியம்

அப்படியானால் விமானிகள் ஏன் தோலைத் தேடிப் போனார்கள்? பதில் முதல் உலகப் போரில் இருக்கிறது. அன்றைய விமானத்துக்குக் கூரை கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் அடிக்கிற காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கம்பளி உடைக்குள் எவ்வளவு காற்று சிக்கியிருந்தாலும் அந்த வேகத்தில் ஊதித் தள்ளிவிடும். காற்று மாறிக்கொண்டே இருந்தால் காப்பு இல்லை.

ஆஸ்திரேலியாவில் பிறந்த சிட்னி காட்டன் அப்போது பிரிட்டன் கடற்படையின் விமானப் பிரிவில் விமானி. 1916-17 பனிக்காலத்தில் ஒரு நாள் எஞ்சின் வேலையில் இருந்தவர், அவசரமாகப் பறக்க வேண்டியிருந்ததால் எண்ணெயும் கிரீஸும் ஊறிப்போன ஓவராலோடு அப்படியே ஏறிவிட்டார். இறங்கிய பிறகு பார்த்தால், ஒழுங்காக உடுத்திப் போன மற்றவர்கள் வெடவெடவென்று நடுங்குகிறார்கள். இவருக்குப் பெரிதாகக் குளிரவில்லை. கிரீஸ் துணியின் கண்களை அடைத்துக் காற்றைப் புகாமல் செய்திருக்கிறது என்று ஊகித்தார். காற்று புகாத பட்டை நடுவில் வைத்து, உள்ளே மெல்லிய ரோமம், வெளியே உறுதியான துணி என மூன்றடுக்கில் ஓர் உடை தைக்கச் சொன்னார். அவருடைய பெயர், குடும்பப் பெயர் இரண்டின் முதல் பகுதியையும் சேர்த்து அதற்கு ‘சிட்காட்’ என்று பெயர் வந்தது. அதன் வாரிசுகள் இரண்டாம் உலகப் போர்வரை பிரிட்டன் விமானிகளிடம் புழங்கின.

காட்டனின் ஓவராலில் கிரீஸ் செய்த வேலையைத்தான் ஏ-2வில் தோல் செய்கிறது. காற்றுக்குக் கதவு சாத்துவது. காற்று வீசும் இடத்தில் இது சின்ன விஷயமில்லை. வெப்பநிலை 0 டிகிரி இருக்கும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், திறந்திருக்கும் தோலுக்கு அது மைனஸ் 8 டிகிரிபோல் உறைக்கும் என்கிறது இன்று வானிலைத் துறைகள் பயன்படுத்தும் சூத்திரம். இந்தக் கணக்கின் ஆதி, பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இருவர் அண்டார்க்டிகாவில் செய்த சோதனை. பிளாஸ்டிக் குப்பியில் தண்ணீர் ஊற்றி வெளியே தொங்கவிட்டு, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்தார்கள்.

ஏ-2வின் அமைப்பைக் கவனித்தால் அதைத் தைத்தவர்கள் காற்றைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லையோ என்றே தோன்றும். ஜிப்பின் பின்னால் நீளவாக்கில் ஒரு தோல் பட்டை. ஜிப்பின் பற்களுக்கிடையே நுழையும் காற்றை அது தடுக்கிறது. கழுத்தில் ஒரு கொக்கி. மாட்டினால் காலர் நெருங்கி மூடிக்கொள்ளும். மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல். மொத்தத்தில் அது உள்ளே இருக்கும் சூட்டைப் பூட்டிவைக்கும் பெட்டி. பெட்டிக்குள் சூடு இருந்தால் காக்கும். உள்ளே வெறும் பனியன் இருந்தால் பூட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இருபத்தைந்தாயிரம் அடியில் நடந்தது

‘விமானிகளைக் காப்பாத்தின ஜாக்கெட்டு’ என்ற நம்பிக்கையை வரலாறு அவ்வளவாக ஆதரிக்கவில்லை. தரையில் 15 டிகிரி இருந்தால், 25,000 அடியில் வெப்பநிலை ஏறக்குறைய மைனஸ் 35. ஐரோப்பியப் பனிக்காலத்தில் அதற்கும் கீழே போகும். பி-17 குண்டுவீச்சு விமானத்தின் உடல்பகுதியில் காற்றழுத்தம் சீராக்கப்படவில்லை. விமானத்தின் இரண்டு பக்கமும் எந்திரத் துப்பாக்கி பிடிக்கிற வீரர்களுக்கு முன்னால் ஜன்னல் என்ற பெயரில் பெரிய திறப்பு. அதன் வழியாக வரும் காற்றில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். துப்பாக்கி சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்யக் கையுறையைக் கழற்றுவார்கள். வெறும் விரல் உலோகத்தில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். இங்கிலாந்திலிருந்து பறந்த அமெரிக்காவின் எட்டாவது விமானப் படையில், 1943 வாக்கில் உறைபனிப் பாதிப்பால் பறக்க முடியாமல் போனவர்கள், எதிரியின் குண்டால் காயம்பட்டவர்களைவிட அதிகம். விரல், காது, பாதம் என்று இழந்தவர்கள் உண்டு.

செம்மறித் தோல் பி-3 அந்தக் குளிருக்குத்தான் பிறந்தது. ஆனால் அதற்கு வேறு தொல்லை. குறுகிய இடத்தில் அந்தப் பருமனோடு திரும்ப முடியாது. மேலே பாராசூட் வார்களை இறுக்கிக் கட்டினால், கட்டிய இடத்தில் ரோமம் அமுங்கும். தட்டையான மெத்தை கதைதான். வியர்வையிலோ மழையிலோ நனைந்து, அப்புறம் மேலே போனால் விறைத்துவிடும்.

அடுத்து வந்தது மின்சாரத்தால் சூடாகும் உடை. உள்ளே கம்பிகள் ஓடும். விமானத்தின் மின்சாரத்தில் சொருக வேண்டும். தொடக்கத்தில் வந்த எஃப்-1 உடையில் கம்பிகளைத் தொடராக இணைத்திருந்தார்கள். பண்டிகைக்கு மாட்டும் சீரியல் லைட்டில் ஒரு பல்பு போனால் மொத்த வரிசையும் அணைவதுபோல, ஒரு கையுறையில் கம்பி அறுந்தால் முழு உடையும் குளிர்ந்தது. அடுத்தடுத்த மாதிரிகளில்தான் அதைத் திருத்தினார்கள். பி-17இன் பக்கவாட்டுத் திறப்புகளுக்கும் பின்னால் வந்த விமானங்களில் மூடி போட்டார்கள். விரல்கள் தப்பியதற்கு இந்த இரண்டுக்கும்தான் நன்றி சொல்ல வேண்டும்.

ஏ-2 அங்கே என்ன செய்துகொண்டிருந்தது? உள்ளடுக்காக, மற்ற உடைகளுக்கு நடுவே இருந்தது. அல்லது எஞ்சின் சூடு கொஞ்சம் வந்து சேரும் விமானி அறையில் இருந்தது. ஒரே வானத்தில் பறந்தாலும் எல்லோருக்கும் ஒரே குளிர் இல்லை. பிரிட்டனின் லங்காஸ்டர் விமானத்தில் வெப்பக் காற்று வரும் குழாய் வயர்லெஸ் ஆபரேட்டர் பக்கத்தில் இருந்தது. அவர் புழுங்கித் தவிப்பார். வால் பகுதியில் தனியாக உட்கார்ந்திருக்கும் துப்பாக்கி வீரர் உறைந்துபோவார். அமெரிக்காவின் பி-38 போர் விமானத்துக்கு எஞ்சின்கள் இறக்கைப் பக்கம். நடுவிலிருந்த விமானிக்கு அந்தச் சூடு சரியாக வந்து சேராது. மூக்கிலேயே எஞ்சின் வைத்த விமானங்களின் விமானிகள் அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள்.

1943இல் அமெரிக்க ராணுவம் ஏ-2வுக்குப் புது ஆர்டர் கொடுப்பதை நிறுத்தியது. அதன் இடத்தில் வந்த பி-10, வெளியே பருத்தித் துணி, உள்ளே அல்பாக்கா ரோமம் வைத்த துணி ஜாக்கெட். தோலைவிட இலேசு, சூடும் அதிகம். வீரர்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமே? முணுமுணுத்தார்கள். கையில் இருந்த ஏ-2வை விட மனமில்லாமல் ஒட்டுப்போட்டு, பின்னலை மாற்றி அணிந்தார்கள். மார்பில் படைப்பிரிவின் சின்னம், முதுகில் தங்கள் விமானத்தின் பெயர், எத்தனை முறை போய்த் திரும்பினோம் என்பதற்கு வரிசையாகச் சின்னச் சின்ன குண்டுப் படங்கள் என்று வரைந்துவைத்த ஜாக்கெட் அது. அதை வெறும் உடுப்பு என்று கழற்றிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இன்றைக்கு நகலுக்குப் பணம் கொடுப்பவர்கள் வாங்குவதிலும் பாதி அந்தப் பெருமைதான். அதில் தப்பில்லை. க்ளோ கணக்கில் மட்டும் அது சேராது.

அச்சு அசல் என்றால் அசௌகரியமும் அசல்தான்

போர் முடிந்து பல பத்தாண்டுகள் கழித்து, பழைய ஜாக்கெட்டுகளைச் சேகரித்தவர்கள் சிலர் அவற்றைத் தையல் பிரித்துப் பார்த்து நகல் எடுக்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தில் ஏரோ லெதர், ஜப்பானில் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் ஆகியவை அந்தத் துறையில் பெயர் பெற்றவை. பஸ் ரிக்சன் என்பது ஸ்டீவ் மெக்வீன் ஒரு போர்ப் படத்தில் ஏற்ற பாத்திரத்தின் பெயர். ஏரோ லெதர் என்ற பெயரே, போர்க்காலத்தில் ஏ-2 தைத்துக் கொடுத்த நியூயார்க் மாகாண நிறுவனம் ஒன்றின் பெயர்தான்.

இவர்களுடைய வாடிக்கையாளர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. போர்க்காலத்தில் ஏ-2வைப் பல நிறுவனங்கள் தைத்தன. ஒவ்வொன்றின் காலர் முனையும் பை மூடியின் வளைவும் கொஞ்சம் மாறும். எந்த நிறுவனத்தின் எந்த ஒப்பந்தத்து மாதிரி என்று கேட்டு வாங்குகிற கூட்டம் இது. ஒரு தையல் மாறினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் நகல் செய்பவர் சௌகரியத்துக்காக எதையும் மாற்றத் துணிய மாட்டார். இங்கேதான் வம்பு தொடங்குகிறது.

அன்றைய இளைஞர்கள் பொதுவாக ஒல்லி. சட்டைக்கு மேல் ஒட்டி நிற்கும்படி அந்த ஜாக்கெட் தைக்கப்பட்டது. கை தைக்கும் இடம் அக்குளுக்கு நெருக்கமாக, உயரத்தில் இருக்கும். புதிதாகப் போடும்போது அக்குளில் அறுக்கும். ஆனால் கையை அசைத்தால் உடல்பகுதி கூடவே தூக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த வெட்டுதான் காரணம். நீளம் இடுப்போடு சரி. விமானி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர். உட்காரும்போது மடிந்து வயிற்றில் குத்தாமல் இருக்க அந்த நீளம் போதும். அதையே போட்டுக்கொண்டு நின்றபடி வேலை செய்பவருக்கு, குனியும்போதெல்லாம் முதுகின் அடிப்பகுதியில் காற்று. கடற்படையின் ஜி-1இல் தோளுக்குப் பின்னால் மடிப்பு வைத்துத் தைத்திருப்பார்கள். கையை நீட்டும்போது அது விரியும். கை தூக்கி வேலை செய்கிறவருக்கு ஏ-2வைவிட ஜி-1 சௌகரியம் என்பதற்கு அந்த மடிப்பு ஒன்றே போதும்.

கைப்பை விஷயம் இன்னும் வேடிக்கை. ஏ-2வின் இரண்டு பைகளும் மேலிருந்து திறப்பவை. சில்லிட்ட கையைப் பக்கவாட்டில் நுழைக்க வழி கிடையாது. 1980களின் இறுதியில் அமெரிக்க விமானப் படை ஏ-2வை ஆட்டுத் தோலில், கொஞ்சம் தாராளமான அளவில் திரும்பக் கொண்டுவந்தது. 1990களில் பக்கவாட்டுப் பையும் சேர்த்துவிட்டது. ஜாக்கெட்டைப் பிறப்பித்த விமானப் படையே வீரர்களின் கை குளிர்கிறது என்று பை வைத்துவிட்டது. நகல் வாங்கும் ரசிகர்களோ பை வைத்தால் தொடமாட்டேன் என்கிறார்கள்!

குதிரையா, ஆடா?

போர்க்கால ஏ-2வில் அதிகம் பயன்பட்டது குதிரைத் தோல். ஆட்டுத் தோலும் உண்டு. இன்றைய நகல்களிலும் குதிரைத் தோலுக்குத்தான் மவுசு. ஜப்பானின் ஹிமெஜி நகரத்தில் ஷின்கி என்ற நிறுவனம் பதனிடும் குதிரைத் தோலுக்குத் தனிப் பெயர். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிடும் பழைய முறை அங்கே இன்னும் நடக்கிறது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட தமிழ்நாட்டுக்கு அந்த முறை புதிதல்ல. அப்படிப் பதனிட்ட குதிரைத் தோல் புதிதில் அட்டைபோல் விறைப்பாக இருக்கும். முழங்கை மடிக்கவே பலம் வேண்டும். சில மாதம் போட்டால்தான் அணிந்தவரின் உடம்புக்கேற்ப மடிப்பு விழுந்து படியும். ஆட்டுத் தோல் இலேசு, முதல் நாளிலிருந்தே வளைந்துகொடுக்கும், உறுதியிலும் குறைவில்லை.

கதகதப்பு என்று பார்த்தால் இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. 0.05 க்ளோவில் எது ஜெயித்தால் என்ன? விறைப்பான தோல் உடம்பைவிட்டு விலகி நிற்பதால் உள்ளே காற்றடுக்கு கொஞ்சம் கூடும். அதேசமயம் கழுத்திலும் இடுப்பிலும் சரியாகப் படியாமல் இடைவெளியும் விடும். உண்மையான வித்தியாசம் தோலின் மேல்பூச்சில் இருக்கிறது. மலிவான ஜாக்கெட்டுகளில் பளபளப்புக்காகப் பிளாஸ்டிக் பூச்சைக் கனமாக அடித்திருப்பார்கள். வியர்வை ஆவி வெளியேற வழி இருக்காது. வேகமாக நடந்தால் உள்ளே பிசுபிசுக்கும். நின்றதும் அந்த ஈரமே குளிரைக் கொண்டுவரும். பூச்சு குறைவான தோல் ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாகவாவது வெளியே விடும். விலை வித்தியாசத்துக்கு இங்கே நியாயம் உண்டு.

சரி, எப்படிப் போட்டால் குளிராது?

ஏ-2வோ ஜி-1ஓ கையில் இருந்தால், அதற்குள் எதைப் போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று போதும். ஸ்வெட்டர் காற்றைச் சிறைபிடிக்கும். தோல் அந்தக் காற்றை வெளிக்காற்று கலைக்காமல் பார்த்துக்கொள்ளும். ஒன்றில்லாமல் மற்றது அரைகுறை. ஸ்வெட்டர் மட்டும் போட்டவருக்கும் காற்றில் குளிரும், தோல் மட்டும் போட்டவருக்கும் நிழலில் குளிரும். பருத்தி டி-ஷர்ட் இதற்கு உதவாது. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்ததுபோல் தெரியாது. பருத்தி சீக்கிரமே ஈரமாகி முதுகில் ஒட்டிக்கொள்ளும்.

இந்தச் சேர்க்கை நடமாடுகிறவருக்கு 5 டிகிரி வாக்கில் தாங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். சட்டைக்கு மேல் ஏ-2 மட்டும் என்றால் 10 டிகிரிக்குக் கீழே அசையாமல் நிற்பது கஷ்டம். பைக் ஓட்டுகிறவர் எதிர்க்காற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தோல் நன்றாக உழைக்கும் இடம் அதுதான் என்றாலும், இடுப்போடு நிற்கும் ஜாக்கெட் முன்னால் குனிந்து ஓட்டுகிறவரின் முதுகை மூடாது.

‘ஸ்வெட்டர் போடணுமே’ என்று ஒரேயடியாக இரண்டு அளவு பெரியதாக வாங்குவது பலர் செய்யும் தவறு. தொளதொளவென்று இருக்கும் ஜாக்கெட், நடக்கும்போது துருத்திபோல வேலை செய்யும். ஒவ்வோர் அசைவிலும் உள்ளே இருக்கும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியேறி, கீழே குளிர்காற்று புகும். மெல்லிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே அளவெடுத்தால் போதும். இடுப்புப் பின்னல் சுற்றிலும் உடம்பைத் தொட வேண்டும்.

மைனஸில் போகிற ஊர்க்காரர்கள் செம்மறித் தோல் பக்கம் போவதே சரி. பி-3 நகலும் உண்டு, பிரிட்டன் விமானிகளின் இர்வின் ஜாக்கெட் நகலும் உண்டு. அந்த இர்வின், பாராசூட்டில் பெயர் பெற்ற அமெரிக்கர் லெஸ்லி இர்வின். இங்கிலாந்தில் தொழிற்சாலை வைத்திருந்தவர். போர் நீள நீளப் பெரிய தோல்கள் கிடைக்காமல், இர்வின் ஜாக்கெட்டைச் சிறு துண்டுகளாகச் சேர்த்துத் தைத்தார்கள். ஒட்டுத் தையல் அதிகமான அந்தப் போர்க்கால வடிவத்துக்கும் இன்று நகல் கிடைக்கிறது. சூட்டைப் பற்றிப் புகாரே வராது. புகார் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும். ஹீட்டர் போட்ட ரயிலில் ஏறி மூன்று நிலையம் தாண்டுவதற்குள் வியர்த்துக் கொட்டும். கழற்றினால் ஒரு பெரிய தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

எந்த ரகமாக இருந்தாலும் நனைந்தால் ஹீட்டர் பக்கத்தில் காயவைக்கக் கூடாது. தோல் சுருங்கி வெடிக்கும். அகலமான ஹேங்கரில் மாட்டி, அறையின் சாதாரணச் சூட்டில் தானாகக் காயவிட வேண்டும். ஏ-2, ஜி-1 வகைகளில் முதலில் போவது தோல் இல்லை. மணிக்கட்டு, இடுப்புப் பின்னல்தான். பூச்சி அரிக்கும், இல்லையென்றால் பிடிப்பு விட்டுத் தொளதொளத்துவிடும். அப்போது உள்ளே இருக்கும் காற்று நிற்காது. ‘பழசாகிவிட்டது, முன்னைப்போல் சூடு இல்லை’ என்று தோன்றும் ஜாக்கெட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. நகல் தைக்கும் நிறுவனங்களில் பலவும் பின்னலை மட்டும் மாற்றிக் கொடுக்கின்றன. போர்க்கால வீரர்களும் அதைத்தான் செய்தார்கள்.